பதினேழாம் எண் பழுது

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் அத்தானும் நானும் சுகமாக இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறுக்கிக்கொள்கிறது. உன் வயிற்றெரிச்சல் எப்படி இருக்கிறது? வெறும் வயிற்றில் காபி குடிப்பதை நிறுத்தினாயா, இல்லை டாக்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்துவிட்டாயா?

ஞாயிறுதோறும் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நாலு வருஷம் எங்களோடு தங்கிப் படித்தவனுக்கு இந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? மாடியில் நான் தும்மினால் கீழே கடையிலிருந்து "மாத்திரை போட்டியா?" என்று குரல் வரும். இந்த விஷயம் உன் அத்தான் காதில் விழக் கூடாது. தம்பியைக் கேட்டுப் பார்க்கலாமே என்றேன். "மச்சினன்கிட்ட போய் என் தொழிலை நான் கேக்கணுமா? விடு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எதிர்வீட்டுக் கணக்கு டீச்சருடைய வாஷிங் மெஷின் போன மாதம் நின்றுவிட்டது. உங்கள் கம்பெனி மெஷின். எண் காட்டும் இடத்தில் சிவப்பாக 17 எரிந்தது. கூட வந்த புத்தகத்தில் '17: மோட்டார் பழுது' என்று போட்டிருக்கிறது. அத்தான் புது மோட்டார் போட்டார். சுவிட்சைத் தட்டினால் மறுபடியும் 17. புதியதிலும் கோளாறோ என்று இன்னொன்றைப் போட்டார். அதற்கும் 17. கழற்றிய பழைய மோட்டாரை பெஞ்சில் வைத்து நேராகக் கரண்ட் கொடுத்தால் அது பாட்டுக்குச் சுற்றுகிறது, ஒரு அதிர்வுகூட இல்லாமல். இருபத்திரண்டு வருஷமாக இந்த ரிப்பேர் கடையை நடத்துகிறவர். ஒரு மெஷின் முன்னால் இப்படி முழித்துக்கொண்டு உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

டீச்சரை அதை வாங்கச் சொன்னதே நான்தான். "என் தம்பி அங்கதான் இன்ஜினியர், கண்ணை மூடிட்டு வாங்குங்க" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். பதினான்கு வீட்டில் உங்கள் மெஷின்தான். அதனால் எனக்கும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அங்கே யாரையாவது விசாரித்து, 17 என்றால் உண்மையில் என்ன என்று ஒரு வரி எழுதிப் போடு. தபாலை நான்தான் வாங்குவேன். எங்கேயோ படித்ததுபோல அவரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

---

ஜனவரி 20

பாசமுள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருஷமாயிற்று! வயிறு தேவலை. காபியை இரண்டு வேளையாகக் குறைத்திருக்கிறேன். முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பதோடு நின்றுவிடாதே, எலும்பு டாக்டரைப் பார். அத்தானுக்கு ரத்த அழுத்தம் இப்போது எவ்வளவு?

எங்கள் ஆபீசைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். சுவர் என்று எதுவும் கிடையாது, எல்லாம் கண்ணாடி. முதல் வாரம் இரண்டு பேர் கதவு என்று நினைத்துக் கண்ணாடியில் முட்டிக்கொண்டார்கள். அதில் ஒருவர் எங்கள் பெரிய மேனேஜர். சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மெஷின் விஷயம். நான் இப்போது வேறு பிரிவில் இருப்பதால் அந்த விவரங்கள் கைவசம் இல்லை. பொதுவாக, வயர் இணைப்பு தளர்ந்திருந்தாலும் இப்படிக் காட்டும். உள்ளே இருக்கும் கன்ட்ரோல் போர்டோடு சேர்த்து மாற்றுவதுதான் நல்லது. அதைக் கம்பெனி சர்வீஸ் ஆட்கள்தான் செய்ய முடியும்.

அத்தான் எங்கள் கம்பெனி மெஷின்களைக் கைவிட்டால்தான் என்ன? மற்றக் கம்பெனி மெஷின்கள் எவ்வளவோ இருக்கின்றனவே. ரத்த அழுத்தம் உள்ளவர் எதற்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? நீ சொன்னதாகச் சொல்லிப் பார்.

அடுத்த ஞாயிறு பேசுகிறேன்.

உன் தம்பி

---

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

என் கால் இருக்கிறபடி இருக்கிறது. அத்தானுக்கு அழுத்தம் ஏறியிருக்கிறது. உன் உடம்பு பரவாயில்லை என்று போனில் சொன்னாய். குரலைக் கேட்டால் அப்படித் தெரியவில்லை. இரண்டு ஞாயிறாக ஐந்து நிமிஷத்தில் வைத்துவிடுகிறாய்.

நீ எழுதியபடி வயர்களை எல்லாம் பார்க்கச் சொன்னேன். ஒன்று விடாமல் பார்த்தார். ஒன்றும் இல்லை. அதற்குள் முனைக்கடை சலூன்காரரின் மெஷினும் நின்றுவிட்டது. 17. துண்டு துவைக்க அவருக்கு வேறு வழியில்லை. மோட்டாரை மாற்றியும் அதே கதை. போன வாரம் குழந்தைகள் காப்பகத்து மெஷின். அதற்கும் 17, மோட்டாரை மாற்றிய பிறகும் 17! காப்பகத்து அம்மா இருபது குழந்தைகளின் துணியை வாளி வாளியாகக் கையால் துவைக்கிறார்.

இப்போது பேச்சு வேறு மாதிரி கிளம்பியிருக்கிறது. மூன்று மெஷினுமே அத்தான் எப்போதோ திறந்து பார்த்தவை. டீச்சர் வீட்டில் அடைப்பு எடுத்தார், சலூனில் பெல்ட் மாற்றினார், காப்பகத்தில் எலி கடித்த வயரைச் சேர்த்தார். "அவர் கை வெச்சாலே மெஷின் படுத்துக்குது" என்கிறார்களாம். காப்பகத்துக்கு உங்கள் கம்பெனி நீலச்சட்டை மெக்கானிக் ஒருவர் வந்தார். மூடியைத் திறக்கக்கூட இல்லை. "வெளியாள் கை வெச்சிருக்காங்க மேடம். இனிமே ஒண்ணும் பண்ண முடியாது, புதுசு வாங்கிடுங்க" என்றார். அத்தான் அப்போது அங்கேயே நின்றுகொண்டிருந்தார், கையில் ஸ்க்ரூ டிரைவரோடு. அந்த மெக்கானிக்குக்கு இவர் யாரென்று தெரியாது.

வீட்டுக்கு வந்து, "என் கையில ஏதாவது கோளாறு இருக்குமோ?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்து நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

தம்பி, 17 என்றால் என்ன? வேறு பிரிவில் இருந்தால் என்ன, அந்தப் பிரிவுக்கு நடந்து போக வழி இல்லையா?

அக்கா

---

பிப்ரவரி 27

பாசமுள்ள அக்காவுக்கு,

நலம். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். வேலை தலைக்கு மேல்.

விசாரித்தேன். 17 என்பது பொதுவான பழுதுக் குறி, குறிப்பிட்டு எதையும் சொல்ல முடியாதாம். அத்தான் போர்டை மட்டும் பிரிக்க வேண்டாம், அக்கா. தயவுசெய்து அதைத் தடுத்துவிடு.

லிப்ட் பராமரிக்கும் வேலைக்கு அனுபவசாலிகளைத் தேடுகிறார்கள். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். மாதச் சம்பளம், ஒரே இடத்தில் வேலை. அத்தான் சரி என்றால் உடனே பேசுகிறேன்.

முழங்காலைக் கவனி.

தம்பி

---

மார்ச் 15

தம்பி,

நான் நன்றாக இல்லை. நீயாவது நன்றாக இரு.

எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு போலீஸ்காரர்கள் கடைக்கு வந்தார்கள். புகார் எழுதிக் கொடுத்தது காப்பகத்து அம்மாவும் சலூன்காரரும். நல்ல மோட்டார்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு மட்டமானதைப் போடுகிறார் என்று புகார். அந்த அம்மா போன மாதம்கூட என் கையைப் பிடித்துக்கொண்டு பேசியவர்.

பெஞ்சுக்கு அடியில் ஒரு சாக்கு. அதில் மூன்று பழைய மோட்டார்கள். ஒவ்வொன்றிலும் 'டீச்சர்', 'சலூன்', 'காப்பகம்' என்று சாக்பீசால் எழுதி பத்திரமாக வைத்திருந்தார் இந்த மனுஷன். உரியவரிடம் திருப்பிக் கொடுக்கத்தான் எழுதி வைத்தார். அதையே சாட்சியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஸ்டேஷனில் அந்த மோட்டார்களை மேஜை மேல் வைத்து, மின்விசிறி பிளக்கில் செருகி ஓட்டிப் பார்த்தார்கள். மூன்றும் ஓடின, தம்பி! அழகாக ஓடின. இன்ஸ்பெக்டர் கேட்டார்:

"நல்லா ஓடுற மோட்டாரை எதுக்குய்யா கழட்டினே?"

"மெஷின் மோட்டார் போச்சுன்னு சொல்லுச்சு சார்."

"மெஷின் சொல்லுச்சா? எப்போ, டீ குடிக்கும்போதா?"

எல்லோரும் சிரித்தார்கள். கம்பெனி மெஷின் எதற்குப் பொய் சொல்லப்போகிறது, மனுஷன்தானே சொல்வான் என்று யாரோ பின்னால் சொன்னார்கள். டீச்சரும் வந்திருந்தார்கள். அவர்கள் புகார் கொடுக்கவில்லை. ஆனால் அவருக்காக ஒரு வார்த்தை பேசவும் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சாயங்காலம் ஐந்து மணிவரை மரபெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை. மே இருபதாம் தேதி எல்லோரும் மறுபடி வர வேண்டும், அதற்குள் சமாதானமாகப் போகப் பாருங்கள் என்று அனுப்பினார்கள். வீடு வந்ததும் கை கழுவப் போனார். ரொம்ப நேரம் கழுவினார். எட்டிப் பார்த்தால் குழாய் ஓடிக்கொண்டிருக்கிறது, அவர் இரண்டு கையையும் விரித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்.

"நான்தான் எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கேன். மூணு மெஷின் ஒரே மாதிரி தப்பாச் சொல்லுமா?" என்றார்.

அவரை நான் இப்படிப் பார்த்ததே இல்லை. உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவேன்?

அக்கா

---

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. மூன்று ஞாயிறாகப் போனும் இல்லை, நான் அடித்தாலும் எடுப்பதில்லை. படுத்த படுக்கையாக இருக்கிறாயோ என்று பயமாக இருக்கிறது. ஒரு அட்டையாவது போடு.

கடையைப் பூட்டிவிட்டார் என்றுதான் ஊரார் நினைக்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறார். அந்த மூன்று மெஷினும் இன்னும் கடையில்தான் நிற்கின்றன. நேற்று பகலில் "இங்க கொஞ்சம் வா" என்று கூப்பிட்டார். போனேன். தொடக்க பட்டனையும் வெந்நீர் பட்டனையும் சேர்த்து அழுத்தினால், மெஷின் பிறந்ததிலிருந்து எத்தனை முறை ஓடியது என்று காட்டுமாம். தற்செயலாகக் கண்டுபிடித்திருக்கிறார்.

"நான் பாக்குறது சரியான்னு நீ படிச்சுச் சொல்லு" என்றார்.

டீச்சர் வீட்டு மெஷினில் படித்தேன். 1500. சலூன் மெஷின். 1500. மூன்றாவதை அழுத்த விரல் போகவில்லை. அவரே அழுத்தினார். 1500.

டீச்சர் தினம் ஒரு தடவை போடுவார்கள், நாலு வருஷத்துக்கு மேல் ஓடியது. சலூனில் தினம் இரண்டு, இரண்டு வருஷம் ஓடியது. காப்பகத்தில் தினம் மூன்று, ஒன்றரை வருஷம்கூடத் தாங்கவில்லை. வாங்கிய வருஷம் வேறு, தண்ணீர் வேறு, துணி வேறு. நின்ற இடம் மட்டும் ஒன்று.

"இது கெட்டுப்போய் நிக்கலை. நிக்கச் சொல்லி நின்னிருக்கு" என்றார் அத்தான். ஸ்டேஷனில் எரியாத முகம் அப்போதுதான் எரிந்தது.

தம்பி, உன் கம்பெனியில் எவனோ ஒரு பாவி இதைச் செய்திருக்கிறான். உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறான். உனக்குத் தெரிந்தால் துடித்துப்போவாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் முதலில் உனக்கு எழுதுகிறேன். அவன் யாரென்று கண்டுபிடி. நீ வந்து இன்ஸ்பெக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், உன் அத்தான் தலை நிமிர்ந்துவிடுவார்.

உன் பதிலுக்காகத் தபால்காரர் வழியையே பார்க்கிறேன்.

அக்கா

---

ஏப்ரல் 20

அக்கா,

எனக்கு நோய் ஒன்றும் இல்லை. போன் அடிக்கும்போது பக்கத்தில்தான் இருந்தேன்.

ஆயிரத்து ஐநூறு என்று அடித்தது நான்தான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். ஒரு மீட்டிங், இருபது நிமிஷம்கூட இருக்காது. இத்தனை முறை ஓடியதும் மெஷின் நிற்கும்படி புரோகிராமில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள். சர்வீஸ் நினைவூட்டல் என்றுதான் சொன்னார்கள். நான் நம்பினேன் என்று எழுத ஆசைதான். நம்பவில்லை. கேள்வி கேட்காமல் எழுதிக் கொடுத்தேன்.

நிற்கும்போது ஏதாவது ஒரு பழுதைக் காட்ட வேண்டுமே, எதைக் காட்டலாம் என்று கேட்டார்கள். 'மோட்டார் என்று காட்டுவோம். மோட்டார் என்றால் யாரும் ரிப்பேருக்குத் துணியமாட்டார்கள், புதிது வாங்கிவிடுவார்கள்' என்றேன். கெட்டிக்காரத்தனமாகச் சொன்னேன், அக்கா. எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு முதல் பதவி உயர்வு கிடைத்தது அதற்குத்தான். ஒருவர் அந்த மோட்டாரைக் கழற்றி, பெஞ்சில் வைத்து, ஓட்டிப் பார்ப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அத்தானோடு நாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவனுக்கு அது தோன்றவில்லை.

ஜனவரியில் உன் கடிதத்தில் 17 என்று படித்ததுமே எனக்குத் தெரியும்.

சரிசெய்ய வழி இது. கரண்டை நிறுத்து. தொடக்கம், பிழிதல் இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்திக்கொண்டே கரண்டைக் கொடு. பன்னிரண்டு விநாடி விடாமல் பிடி. நாலு பூஜ்யம் வரும். அவ்வளவுதான்.

படித்ததும் இதைக் கிழித்துவிடு. வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அத்தானிடம் நீயே கண்டுபிடித்ததாகச் சொல்.

தம்பி

---

மே 5

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. முதல் மூன்று நாள் அதை நான் நம்பவில்லை. யாரோ உன் கையெழுத்தைப் போட்டு விளையாடுகிறார்கள் என்றுகூட நினைத்தேன். மூளை அப்படியெல்லாம் போகிறது.

நாலாம் நாள் அத்தான் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தார். நான் கடைக்கு இறங்கிப்போய், சலூன் மெஷினில் நீ சொன்னபடி செய்தேன். பன்னிரண்டு எண்ணினேன். நாலு பூஜ்யம் வந்தது. டிரம் சுற்ற ஆரம்பித்தது. ஐயோ, ஓடுகிறது என்று வாய்விட்டுச் சொன்னேன். உலகத்தில் ஒரு மெஷின் ஓடியதற்காக எவளாவது தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளா? நான் உட்கார்ந்தேன். பன்னிரண்டு விநாடி. ஜனவரியில் நீ எழுதியிருந்தால் மார்ச் மாதம் அவர் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

திரும்பி வந்த அத்தான் சத்தம் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். "யார் சொன்னது?" என்றார். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு முறை படித்தார்.

"இது அவன் கையெழுத்துதானா?"

"ஆமா."

"சரி" என்றார். கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார்.

மற்ற இரண்டையும் ஓடவிட்டு, பழைய மோட்டார்கள் ஸ்டேஷனில் இருப்பதால் புதிய மோட்டாரோடே வைத்து, தள்ளுவண்டியில் தானே தள்ளிக்கொண்டுபோய் மூன்று பேருக்கும் கொடுத்துவிட்டு வந்தார். என்ன நடந்தது தெரியுமா? "பாத்தீங்களா, போலீஸ்னு சொன்னதும் தானா சரியாயிடுச்சு" என்கிறார் சலூன்காரர். இவர் பயந்துபோய், ஒளித்து வைத்த பாகத்தைத் திருப்பிப் போட்டுவிட்டாராம். சரிசெய்ததே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிட்டது! இனி அவரைக் காப்பாற்ற உன் கடிதம் தவிர வேறு எதுவும் இல்லை.

அதைக் கொடுக்கவே கூடாது என்கிறார். "அவன் பொழைப்பு போயிடும். நான் ஏதோ ஒரு கையெழுத்தைப் போட்டுட்டு வந்துடுறேன்" என்கிறார். இருபதாம் தேதிக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. நீயே வந்து சொல். நான் கடிதத்தைக் கிழிக்கவில்லை.

அக்கா

---

மே 13

அக்காவுக்கு,

அத்தானுக்கு என் நன்றியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அவர் சொல்வதுதான் நடைமுறைக்கு ஏற்றது. ஒரு வக்கீலைக் கேட்டேன். சமாதானக் கையெழுத்து தண்டனை ஆகாதாம், வெறும் காகிதம்தானாம். என்னால் இப்போது லீவு எடுக்க முடியாது. இருபதாம் தேதி கழிந்ததும் இருவரும் இங்கே வந்து சில மாதம் என்னோடு இருங்கள். மாடி ஏற வேண்டியதில்லை, லிப்ட் இருக்கிறது, உன் காலுக்கும் நல்லது.

தம்பி

---

மே 24

மச்சினனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. உன் உடம்பு நலமாக இருக்க வேண்டும். உன் அக்காவுக்குக் கால் வீக்கம் வடிந்திருக்கிறது. அவள் இனி உனக்கு எழுதப்போவதில்லை என்று சொன்னதால் நான் எழுதுகிறேன்.

இருபதாம் தேதி எல்லோரும் வந்திருந்தார்கள். கம்பெனி தரப்பில் அந்த நீலச்சட்டை மெக்கானிக்கும் வந்திருந்தார். 'பாகங்களை மாற்றியது உண்மை, இனி செய்யமாட்டேன்' என்று எழுதி வைத்திருந்த காகிதத்தை என்னிடம் நீட்டினார்கள். நான் பேனாவை வாங்கிவிட்டேன். உன் அக்கா எழுந்து நின்றாள். "ஐயா, அவர் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை கேளுங்க" என்று உன் கடிதத்தை எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். கிழித்துவிடு என்று நீ எழுதியதையும் விடவில்லை. 'அக்கா' என்று வரும் இடத்தில் மட்டும் குரல் நின்று நின்று வந்தது.

முடித்ததும் கடிதத்தை இன்ஸ்பெக்டர் மேஜை மேல் வைத்தாள். முதலில் பேசியது அந்த மெக்கானிக்தான். "அப்போ நான் நாலு வருஷமா தூக்கிப்போடச் சொன்ன மெஷினெல்லாம்?" என்று கேட்டார். யாரைப் பார்த்துக் கேட்டார் என்று தெரியவில்லை. நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமலேயே உட்காரப் போனார், பக்கத்திலிருந்தவர் பிடித்துக்கொண்டார். அவருக்கும் தெரியாது. அவரையும் நீங்கள் சேர்த்துத்தான் ஏமாற்றியிருக்கிறீர்கள்.

காப்பகத்து அம்மா அழுதார். சலூன்காரர் என் முகத்தைப் பார்க்காமல் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கணக்கு டீச்சர் என் பக்கத்தில் வந்து, "நான் பேசியிருக்கணும். பேசல" என்றார்கள். இன்ஸ்பெக்டர் கடிதத்தை இரண்டு பிரதி எடுக்கச் சொல்லிவிட்டு, "இது இந்த ஸ்டேஷனோட முடியுற விஷயம் இல்லை" என்றார். டீச்சரும் காப்பகத்து அம்மாவும் சேர்ந்து நுகர்வோர் கோர்ட்டில் மனு கொடுத்துவிட்டார்கள். இனி அதை என்னால் நிறுத்த முடியாது. நிறுத்தவும் போவதில்லை.

உன் மேல் கோபமில்லை என்று எழுத முடியவில்லை. வேலை போய்விடும் என்று நீ பயந்தது எனக்குப் புரிகிறது. அந்த பெஞ்சில் பத்திலிருந்து ஐந்து வரைக்கும் உட்கார்ந்து, என் கைதான் கெட்டுவிட்டது என்று நான் நம்பினேன். அதற்கப்புறம் ஒரு மாதம் ஸ்க்ரூவைத் தொடவே கூசியது. நீ ஒருத்தன் மட்டும்தான் அப்படி இல்லை என்று எனக்குச் சொல்லியிருக்க முடியும். நீ லிப்ட் வேலைக்குப் போகச் சொன்னாய்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இந்தத் தெருவில் இன்னும் பதினோரு மெஷின் எண்ணிக்கொண்டிருக்கிறது. எல்லாம் ஒரே ரகம் இல்லை. எந்த ரகத்துக்கு எந்த பட்டன் என்று எழுதி அனுப்பு. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அத்தான்

---

ஜூன் 19

அத்தானுக்கு, அக்காவுக்கும்,

நீங்கள் வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றீர்கள். மன்னிக்க வேண்டும், கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது.

கடிதத்தின் பிரதி கம்பெனிக்கு வந்தது. ஒரு மணி நேரத்தில் என் மேஜையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எனக்குத் துணிச்சல் வந்தது அதற்கப்புறம்தான். முன்பே வந்தது என்று எழுதினால் அதுவும் ஒரு 17 ஆகிவிடும்.

இத்துடன் எட்டு ரகங்களுக்கான பட்டன் வரிசையைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். எல்லாம் நானே சோதித்தவை.

கடைசியாக வந்த இரண்டு ரகங்களுக்கு எழுதவில்லை. அவற்றுக்கு வழி கிடையாது. வழி வைக்க வேண்டாம் என்றார்கள், நான் வைக்கவில்லை. எண் வந்ததும் போர்டு தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும், யார் வந்தாலும் திறக்காது. அதில் ஒன்றுதான் அக்காவுக்கு முழங்கால் வலி என்று போன வருஷம் நான் வாங்கி அனுப்பிய மெஷின்.

தெரிந்துதான் அனுப்பினேனா என்று அக்கா கேட்பாள். கடையில் நின்று ரகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த நினைவே வரவில்லை. வந்திருந்தால்கூட அக்காவிடம் அதை மறைத்திருப்பேனோ என்று இப்போது எனக்கே பயமாக இருக்கிறது.

அடுத்த மாதம் இரண்டாம் தேதி நுகர்வோர் கோர்ட்டில் வாக்குமூலம் கொடுக்க வருகிறேன். வெளியே சொல்லமாட்டேன் என்று போட்ட கையெழுத்தை மீறியதற்காக என் மேல் வழக்குப் போட்டால் போடட்டும். லாட்ஜில் தங்கிக்கொள்கிறேன். உங்கள் இருவரின் உடல்நலத்தைக் கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

தம்பி

---

ஜூன் 25

தம்பிக்கு,

அத்தானுக்கு அழுத்தம் இறங்கியிருக்கிறது. கேட்டாயே, அதற்குப் பதில்.

உன் கடிதத்தைப் படித்த அன்றைக்கே மாடியில் நீ அனுப்பிய மெஷினில் அழுத்திப் பார்த்தேன். 611. அப்போது அதற்குள் என் துணி ஊறிக்கொண்டிருந்தது. எடுத்துக் கையால் அலசினேன். இனிமேல் அதைப் போடமாட்டேன். கோர்ட்டில் கேட்டால் கொண்டுபோய் வைக்க அது அப்படியே இருக்கட்டும் என்கிறார் அத்தான்.

லாட்ஜ் வேண்டாம். வந்தால் சாப்பாடு போடுவேன். பேசுவேனா என்று இப்போது எனக்குத் தெரியாது. அதைக் கேட்டு எழுதாதே.

வண்டி காலையில்தான் வந்து சேரும். பையை எடுத்துக்கொண்டு நேராக இங்கே மாடி ஏறிவிடாதே. முதலில் டீச்சர் வீட்டு மணியை அடி. பிறகு சலூன், பிறகு காப்பகம். ஒவ்வொரு வாசலிலும் நின்று நீ யாரென்று சொல். என் தம்பி என்று சொல்ல வேண்டாம். அது அவர்களுக்கு ஏற்கனவே தெரியும்.

அக்கா